ஏலவார்குழலியின் ஒரே படம்

நெகட்டிவில் வால் நட்சத்திரம் சரியாகத்தான் விழுந்திருந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்ற பெண்ணுருவம்தான் திருஞானசம்பந்தத்துக்குப் புரியவில்லை. அன்று விடியற்காலை மாடியில் அவரைத் தவிர யாருமே இல்லை.

குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, சிவப்பு பல்பைப் போட்டிருந்தார். மருந்துகளின் புளித்த நெடியோடு, கூடத்தில் பதினோரு நாளாக அணையாமல் எரியும் விளக்கின் எண்ணெய் வாசமும் கலந்து மூச்சை அடைத்தது. வெளியே தங்கை ஜெயம்மாளின் குரல்.

"ஊர்ல இருக்கிற கோபுரத்தையெல்லாம் படம் புடிச்சியேண்ணா, அண்ணிய ஒண்ணு புடிச்சி வெக்கலியே. காரியத்தன்னிக்கு எதுக்கு மாலை போடறது?"

ஏலவார்குழலி ஆசையாகக் கேட்டபோதெல்லாம், "பிலிம் மிச்சமானா எடுக்கறேன், இரு" என்று தட்டிக்கழித்தவர் அவர்தான். கட்டின பெண்டாட்டி எங்கே ஓடிவிடப் போகிறாள் என்ற தைரியம்.

படம் எடுத்த அன்று, பிள்ளையார்பாளையத்துத் தறிகள் இன்னும் தட்டத் தொடங்காத நேரம். எழுபதாம் வருஷத்து வால் நட்சத்திரம் கிழக்கே கோபுரத்துக்கு மேல் தொங்கியது. காமிராவின் கண்ணைத் திறந்து நான்கு நிமிடம் ஆடாமல் வைத்திருக்க வேண்டும். திறந்த உடனே குழலி கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாங்க... நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது. கொஞ்சம் வாங்களேன்."

"நாலே நிமிஷம். இதோ வந்துட்டேன்."

கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இறங்கிப் போனபோது அவள் பாயில் மூச்சில்லாமல் கிடந்தாள். பாவி, பாவி என்று தலையிலடித்துக்கொண்டு அழுதும் ஆறவில்லை.

அந்த நான்கு நிமிடம்தான் இந்த நெகட்டிவ்.

காகிதத்தில் நெகட்டிவின் வழியே வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் அமிழ்த்தினார். முதலில் வானம் கறுத்தது. கோடு கோடாக நட்சத்திரங்கள். வால். சுவர்.

பிறகு அவள்.

கடைசியாகக் கட்டியிருந்த புடவை. கரையில் ஒவ்வொரு பூவும் துல்லியம். காமிராவை நோக்கி நீட்டிய கை.

"வந்துட்டியா, குழலி."

முகம் தெரிந்தால் போதும். மாலை போட ஒரு முகம்.

தெரியவில்லை. கழுத்துக்கு மேலே வெறும் கலங்கல். அசைகிற எதுவும் இத்தனை நேரத்தில் பிலிமில் நிற்காது. அவருக்குத் தெரியும். நான்கு நிமிடமும் எதிரே நின்று, தலையை ஆட்டி ஆட்டி, ஓயாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

குனிந்தார். தட்டில் அலை அடங்கியிருந்தது. நட்சத்திரம் அசையவில்லை. சுவர் அசையவில்லை. நீட்டிய கை அசையவில்லை.

தாளுக்குள் அவள் வாய் மட்டும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.