நாலாவது வீட்டுக்காரி

ஹெட்ஃபோனுக்குள், கிறிஸ்டினுடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. அன்று மத்தியானம் முழுக்கப் பின்னறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இரைச்சல் சேரக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, பூச்செடி வளர்ப்பதைப் பற்றிய ஒரு புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மூச்சு விட ஒரு சின்ன இடைவெளி கொடுப்பது அவள் வழக்கம். அந்த இடைவெளிகளில்தான் அது இருந்தது. செம்பருத்திக் கிளையைச் சாய்வாக வெட்டி ஈர மண்ணில் ஊன்ற வேண்டும் என்று அவள் வாசித்து நிறுத்தியதும், எங்கோ ஆழத்திலிருந்து, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல, ‘ஈர மண்ணில்’ என்றது ஒரு பெண் குரல். பேச்சு மறந்துபோன ஒருத்தி மறுபடியும் பழகிப் பார்ப்பதுபோல.

பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பழைய வரிசை வீடுகளுக்குச் சுவர் மெல்லியது. புஷ்பவல்லி அக்கா வீட்டுக் குக்கர் கூவினால் இவள் வாசிப்பை நிறுத்த வேண்டும். சாயங்கால சீரியல் தொடங்கிவிட்டால் அன்றைய வேலையே முடிந்தது. கிறிஸ்டின் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் காதை வைத்தாள்.

குக்கர் இல்லை. சீரியல் இல்லை. அக்கா காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் ஓசைகூட இல்லை. யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்தே இல்லை.

*

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குப் பின்னால், உயரமான கொண்டோமினியங்களின் நிழலில், லோரோங் என்று அங்கே சொல்லும் அந்தச் சந்து இன்னும் இடிபடாமல் கிடந்தது. ஒட்டி ஒட்டி நான்கு வீடுகள். முதல் வீடு புஷ்பவல்லி அக்காவுடையது. அவர் குடும்பத்துக்கு முன்பு அங்கே ரயில்வேக்காரர்கள் இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். ரயில்வேக்காரரே அவருடைய தாத்தாதான். அடுத்தது சீனரான ஆ லெங் ஆன்டியின் வீடு. தமிழ்க்கடை எண்ணெயில்தான் சமைப்பார், தமிழிலேயேதான் திட்டுவார். மூன்றாவது வீட்டில் மலாய்ப் பெரியவர் சமாட் பாக்சிக். மனைவி இறந்த பிறகு பூனைகளோடு இருந்தார். ஆனால் வீட்டு எண்கள் வரிசைப்படி இல்லாததால், நாலாவது வீடு புஷ்பவல்லி அக்காவின் மறுபக்கச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அதில்தான் கிறிஸ்டின் குடிவந்தாள்.

கேவினோடு வாழ்ந்த வாழ்க்கை முறிந்து, கிள்ளானை விட்டு ஒரே ஒரு பெட்டியோடு அவள் வெளியேறியிருந்த நேரம் அது. ஒரு சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டவளிடம் எதிரே வந்து உட்கார்ந்த வயதான அம்மாதான் புஷ்பவல்லி அக்கா. கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்ததும் அக்கா முகத்தில் வந்த வெளிச்சம் கிறிஸ்டினுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“நீ சர்ச்சுக்குப் போறவளாம்மா? எங்க வரிசையில ஒரு வீடு சும்மா கெடக்கு. முன்ன இருந்தவங்களும் சர்ச்சு ஆளுங்கதான். வந்துரு லா. நாங்க இருக்கோம்.”

இருந்தார்கள். டெங்கி வந்து அவள் படுத்தபோது ஆ லெங் ஆன்டி கஞ்சி ஊட்டினார். ஓடு ஒழுகியபோது அந்த வயதிலும் சமாட் பாக்சிக் ஏணி போட்டு ஏறினார். கிறிஸ்துமஸ் காலையில் மூன்று வீட்டாரும் புது உடுப்போடு வாசலில் நின்றார்கள். அன்று கிறிஸ்டின் தங்கை கேரனுக்கு போன் போட்டு, ‘சொந்தக்காரங்கன்னா யாருன்னு இப்பதான்டி தெரியுது’ என்று சொன்னாள்.

நான்கு வீட்டுக்கும் பொதுவான பின்முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. சிமெண்டுப் பலகையால் மூடியது. பொழுது சாயும் நேரத்தில் அக்கா அதன் ஒரு மூலையில் அகல் ஏற்றுவார். ஆன்டி ஊதுபத்தி செருகுவார். பாக்சிக் தன் பின்வாசலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஓதுவார். கிறிஸ்டின் ஒரு மெழுகுவத்தி வைக்க வேண்டும். முன்பு இருந்த சர்ச்சு ஆட்களும் அப்படித்தான் செய்தார்களாம். சனிக்கிழமைகளில் வழிகாட்டி ஒருவர் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவந்து இதைக் காட்டி, “இதுதான் நம்ம முஹிபா. எல்லா இனமும் ஒண்ணா வாழ்றது” என்பார். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். கிறிஸ்டினுக்குப் பெருமையாக இருக்கும். கிணற்றில் எதற்காக விளக்கு வைக்கிறோம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவள் மெழுகுவத்தியோடு குனிந்தபோது சமாட் பாக்சிக் ஓதுவதை நிறுத்தினார்.

“பிண்டா, நாக்,” என்றார். வீடு மாறிப் போய்விடு, மகளே. “செப்பாட் பிண்டா.”

சீக்கிரம் போ என்கிறார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அழுகைக்கு முந்தைய ஒரு நடுக்கம் இருந்தது. மனசு உடைந்துபோய் அக்காவிடம் வந்து சொன்னாள். அக்கா அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

“வயசாயிருச்சு லா அவருக்கு. என்னையே யாருன்னு கேக்குறாரு. நீ மனசுல வச்சுக்காதம்மா.”

அந்த வாரமே பாக்சிக்கை அவர் மகள் ஷா ஆலமுக்கு அழைத்துப் போய்விட்டாள். பூனைகளையும்.

*

கிறிஸ்டின் பின்கதவைத் திறந்தாள். மழை மேகம் கட்டியிருந்தது. அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருந்தும் முற்றம் அடுப்புப் புகை படிந்த பாத்திரம்போல இருண்டிருந்தது. காற்று அசையவில்லை. துவைத்த துணிகளின் வாசனை, மீன் பொரிக்கும் வாசனை, ஊதுபத்தி என்று எப்போதும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் அந்த முற்றத்தில் இப்போது ஒரே ஒரு வாசனைதான் இருந்தது. ஈரத் தலைமுடியை நாள்கணக்கில் உலர்த்தாமல் கட்டிவைத்தால் வருமே, அந்த வாசனை.

“அக்கா?”

அக்காவின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். நாற்காலி இருந்தது. டிவி இருந்தது. அலமாரியில் பாத்திரங்கள் கவிழ்த்தபடி இருந்தன. பூஜை மாடம் மட்டும் காலியாக இருந்தது. முருகன் இல்லை, மாரியம்மன் இல்லை, செத்துப்போன கணவரின் படம்கூட இல்லை. சுவரில் குங்குமக் கறை மட்டும்.

ஆ லெங் ஆன்டி வீட்டு வாசலில் சிவப்புப் பீடம் இருந்த இடத்தில் சாம்பலும், வெயில் படாத ஒரு சதுரச் சுவரும் இருந்தன.

இரண்டு நாள் எங்காவது போகிறவர்கள் துணிமணி எடுத்துப் போவார்கள். சாமிகளை எடுத்துக்கொண்டா போவார்கள்?

அப்போதுதான் கிணற்றைப் பார்த்தாள். சிமெண்டுப் பலகை நகர்ந்திருந்தது. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு. உள்ளேயிருந்து எதுவும் தள்ளவில்லை. பலகையின் விளிம்பில் கடப்பாரை நெம்பிய தடங்கள் புதிதாக, வெள்ளையாகத் தெரிந்தன. பக்கத்தில் சேற்றில் செருப்புத் தடங்கள். அவற்றில் ஒன்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு காலைத் தேய்த்து நடக்கிறவரின் தடம்.

திறந்த இருட்டுக்குள்ளிருந்து, மிகவும் பக்கத்தில், “அக்கா?” என்றது.

கிறிஸ்டினுடைய குரல் அது.

அவள் எப்படி உள்ளே வந்தாள், தாழ்ப்பாளைப் போட்டாள், மேசையை இழுத்துக் கதவில் சாத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. போனைத் திறக்க முடியவில்லை. மறுபடியும் மறுபடியும் தொட்டாள். மழை ஓட்டின் மேல் சடசடவென்று விழத் தொடங்கியது. விளக்கு ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது.

நீண்ட நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

“அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?”

“சாலாக் செலாத்தான்ல, மகன் வீட்டுலம்மா.” அந்தக் குரலில் எந்த அவசரமும் இல்லை. “பேரப்புள்ள பொறந்திருக்கு. சொன்னேனே.”

“கெணறு தொறந்திருக்கு அக்கா. உள்ள யாரோ… பேசுது. என் மாதிரியே பேசுது. யாரையாச்சும் அனுப்புங்க, ப்ளீஸ்.”

மறுபக்கத்திலிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது. அப்புறம் மோனோரயில் ஒன்று கடந்தது. மழையில் சக்கரம் இழுபடும் அந்த நீண்ட முனகலை கிறிஸ்டின் இரண்டு காதிலும் கேட்டாள். ஒரு காதில் போனுக்குள். இன்னொரு காதில், தன் வாசலுக்கு வெளியே.

சாலாக் செலாத்தானுக்கு மோனோரயில் போவதில்லை.

“அக்கா,” என்றாள். “இங்கதான இருக்கீங்க?”

அந்தப் பக்கம் அக்கா அழத் தொடங்கினார்.

“நாங்க எல்லாம் கெழடுங்கம்மா. எத்தன காலத்துக்கு வெளக்கு வச்சுக்கிட்டே இருக்கறது? போவலாம்னா, சும்மா போக முடியாது. பின்னாடியே வரும். ஆன்டியோட அண்ணன் போனாரு, கிள்ளான் பக்கத்து மேரு வரைக்கும் அது பின்னாடியே போச்சு. அவரு குடும்பத்துல யாருமே மிஞ்சல. எனக்கு இப்ப பேரன் இருக்கான்.”

“என்ன வரும்? யாரு அது?”

“ஜப்பான்காரன் காலத்துல உன் வீட்டுல இருந்தவ. அவளும் சர்ச்சுக்காரிதான். தேடி வந்தவங்ககிட்ட இருந்து ஒளிச்சு வைக்கறோம்னு சொல்லி, எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாருமா சேந்துதான் அவள உள்ள எறக்குனாங்க. அப்புறம் பயத்துல…” அக்கா மூக்கை உறிஞ்சினார். “மூடிட்டாங்கம்மா. நம்பித்தான் எறங்குனா. நம்புறவ ஒருத்தி கெடைச்சாத்தான் அவ எங்கள விடுவா.”

கிறிஸ்டினுக்குச் சாப்பாட்டுக் கடை நினைவுக்கு வந்தது. சிலுவையைப் பார்த்த அந்தக் கண்கள். டெங்கியில் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கைகள். கஞ்சி. ஏணி. புது உடுப்பு. எல்லாவற்றையும் அவள் அன்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். வேதனை என்னவென்றால், அதில் பாதி நிஜமாகவே அன்பாக இருந்திருக்கும். ஆட்டுக்குக் குழை கொடுப்பவனுக்கும் ஆட்டின் மேல் ஒரு பிரியம் இருக்கத்தானே செய்யும்.

“உங்கள அம்மா மாதிரி நெனச்சேன்,” என்றாள்.

“அதாம்மா,” என்றார் அக்கா. “அதான் வேணும் அவளுக்கு.”

போன் துண்டிக்கப்பட்டது.

பின்கதவில் சத்தம். தட்டும் சத்தம் இல்லை. ஈரத் துணியை மரத்தின் மேல் வைத்து மேலிருந்து கீழே இழுப்பதுபோன்ற சத்தம். பிறகு அவளுடைய குரல், அவளுடைய தவிப்போடு, அவளுடைய மூச்சு விடும் இடைவெளியோடு:

“உங்கள அம்மா மாதிரி நெனச்சேன்.”

மேசை ஓர் அங்குலம் நகர்ந்தது.

கிறிஸ்டின் ஓடினாள். கூடத்தில் இருட்டு. நாற்காலியில் மோதி விழுந்தாள். எழுந்தாள். முன்கதவைத் திறந்தாள். அதற்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவு. அதைத் தள்ளினாள். அசையவில்லை. வெளிப்பக்கம் சங்கிலி. புதுப் பூட்டு.

கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள்.

லோரோங்கின் எதிர்ப்பக்கத்தில், கார் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு அடியில், மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஆ லெங் ஆன்டி ஊதுபத்திக் கட்டை நெற்றிக்கு உயர்த்தியிருந்தார். ஷா ஆலமிலிருந்து வந்திருந்த சமாட் பாக்சிக் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தியிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. புஷ்பவல்லி அக்கா கைகூப்பியிருந்தார். யாரும் நிமிரவில்லை. ஒரே துக்கவீட்டுக்கு வந்தவர்கள்போல, தோளோடு தோள் உரசி, ஒவ்வொருவரும் தத்தம் மொழியில், உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

“பாக்சிக்! ஆன்டி! தொறங்க! நான்தான்! கிறிஸ்டின்!”

உள்ளே, வெகு தூரத்தில், மேசை கவிழ்ந்தது.

அப்புறம் தூரம் இல்லை.

கூடத்தின் சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள். நிதானமாக. நீர் சொட்டும் சத்தம். ஈர முடியின் வாசனை. கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது.

கிறிஸ்டின் திரும்பவில்லை. கம்பிகளை விடவில்லை. எதிரே நிற்பவர்களையே பார்த்தாள்.

புஷ்பவல்லி அக்கா மெதுவாகத் தலை நிமிர்த்தினார். கன்னமெல்லாம் கண்ணீர். அந்தப் பார்வை கிறிஸ்டின் முகத்தில் நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலே, கதவு நிலையின் உயரத்தில் போய் நின்றது. அக்கா பக்கத்தில் நின்றவர்களை முழங்கையால் தொட்டார். அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

கிறிஸ்டினின் கைகளுக்கு மேலே, அவளுடைய இரண்டு தோள்களையும் தாண்டி நீண்டு, ஊறி வெளுத்த இன்னும் இரண்டு கைகள் கம்பிகளைப் பற்றின.