பர்மாக்காரி வீட்டுச் சாவி

குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஆட்கள் இல்லை.

வீரமலை வேப்பங்குச்சியைக் கடித்தபடி தன் வாசலில் நின்று பார்த்தான். குழாய்க்கு நேர் கீழே இருந்த பித்தளைக் குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் தெருச் சரிவில் கொள்ளிடக் கரைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எடுப்பாரில்லை. தினமும் இந்த நேரத்தில் கொக்கரிப்பும் சண்டையுமாக இருக்கும் இடம். இன்று பெண்கள் எல்லாரும் எதிர்ச்சாரி வீட்டு வாசல்களில் ஒதுங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரே பக்கமாகப் பார்த்து நின்றார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து மா டின் வந்துகொண்டிருந்தாள்.

அவள் பக்கத்துப் போர்ஷன்காரி. பிச்சமுத்து ரங்கூனில் கட்டிக்கொண்ட பர்மாக்காரப் பெண். போன வருஷம் கப்பலில் அனுப்பப்பட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர்களும் ஒன்று. பிச்சமுத்து துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலைக் கட்டுமானத்தில் கம்பி கட்டுகிறான். பதினைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வருவான். மற்ற நாளெல்லாம் அவள் தனி.

வழிந்துகொண்டிருந்த குடத்தை மா டின் இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் ஓரமாக வைத்தாள். தன் குடத்தை நிரப்பிக்கொண்டாள். திரும்பும்போது வீரமலையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிய மரப்பட்டைக் குழம்பு காய்ந்து வெளுத்திருந்தது. சிரித்த இடத்தில் அது வெடித்தது.

அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பெண்கள் இறங்கி வந்தார்கள். எதிர்வீட்டுக் காளியாயி அந்தப் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தயிர்க்காரப் பவுனம்மாள் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கரையோர வாழைத்தோப்பில், தயிர்ப்பானை உடையாமல் பக்கத்திலேயே இருக்க, கழுத்தில் நெரித்த தடத்தோடு கிடந்தாள். காதுத் தண்டட்டி இரண்டும் இல்லை. அறுத்து எடுக்கவில்லை, பிய்த்து எடுத்திருந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் தயிர் ஊற்றியவள். எல்லாரையும் பெயர் சொல்லித் திட்டியவள். அவளை இந்தத் தெருக்காரன் கொன்றிருப்பான் என்று நினைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மனம் வராதவர்களுக்கு வேறொரு மனுஷி தேவைப்பட்டாள்.

*

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க," என்றார் டீக்கடை வெள்ளைச்சாமி வீரமலையிடம். "அவ மூஞ்சில என்னத்தைப் பூசிக்கிறா?"

"மரப்பட்டைங்க. அரைச்சுப் பூசுறது. வெயிலுக்கு."

"இங்க வெயில் நமக்கு அடிக்கலையாக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மழை வரும்போல் இருந்தது. வெந்நீர் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியும் ஈரச் சாக்கின் வாடையும் கடைக்குள் தேங்கி நின்றன.

"ராத்திரியில ஏதோ முணுமுணுக்கிறாளாமே? ஒரே சுவர்தானே, உங்களுக்குக் கேக்கணுமே."

"கேக்கும்."

"வீட்டுக்குள்ள என்ன வச்சிருக்கா?"

வீரமலை டீயைக் குடித்தான். மனைவி மயிலம்மாள் மாசியில் போன பிறகு அவனுக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் நாக்கு எழுவதில்லை.

"ஒரு தேங்காய் தொங்குது. செவப்புத் துணி சுத்தி."

வெள்ளைச்சாமி வடிகட்டியைக் கீழே வைத்தார்.

அது அவர்கள் ஊர் வீட்டுத் தெய்வம். நம் வீட்டில் விளக்கு ஏற்றுவதுபோல் அவர்கள் தேங்காய் கட்டி வைப்பார்கள். மா டின் அவனிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அந்த மூலையில் ஆணி அடித்துக் கொடுத்ததே அவன்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

அன்று ராத்திரி அவனுக்கே தூக்கம் வரவில்லை. ஒற்றைக்கல் சுவர், மண் சாந்து. அந்தப் பக்கம் பாய் விரிக்கும் சத்தம்கூட இந்தப் பக்கம் விழும். மாதக்கணக்காக அந்தச் சத்தங்களை அவன் கேட்டும் கேட்காமலும்தான் கிடந்தான். இன்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. கல்லில் பட்டை உரசும் சத்தம், இழுத்து இழுத்து, ஈரமாக. வளையல் போடாத கை. செருப்பில்லாத கால், மூலை வரை போய் நின்றது. அப்புறம் அந்த முணுமுணுப்பு. அவள் கும்பிடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு தேங்காய்க்கு முன்னால் இவ்வளவு நேரம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தான். பவுனம்மாள் செத்த வியாழக்கிழமை சாயங்காலம் இவள் எங்கே இருந்தாள் என்றும் யோசித்தான்.

முணுமுணுப்பு நின்றது. அவன் கேட்பது அவளுக்குக் கேட்டுவிட்டதுபோல.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழைக்கு நடுவே மா டின் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது, தெருக்காரர்கள்தான். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல வாசலில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்கள். வீரமலை தன் வாசலிலேயே நின்றான்.

தேங்காயை அறுத்து எடுத்து வந்து வெள்ளைச்சாமி படியில் உடைத்தார். தண்ணீர் சிதறியது. வெள்ளை வெளேரென்று பருப்பு. தண்டட்டி இல்லை.

மா டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடைந்த தேங்காயைப் பார்த்ததும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. அடிபட்ட நாய்க்கு வரும் சத்தம்.

"அது வீட்டைக் காக்கிறது," என்றாள் வீரமலையைப் பார்த்து. "அண்ணே, சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மழையைப் பார்த்தான்.

"இதுல இல்லைன்னா வேற எங்கயோ வச்சிருக்கா," என்றாள் காளியாயி.

போலீசுக்கு ஆள் போய்த் திரும்பியிருந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறுகிறது, எல்லாரும் கரையில் இருக்கிறார்கள், அதிகாரி வந்து விசாரிப்பார். அதுவரை எங்கும் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெருவே முடிவு செய்தது. அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி வெளியே பூட்டினார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது வெள்ளைச்சாமி யோசிக்கவே இல்லை.

"சார்வாள்ட்ட இருக்கட்டும். ஆபீஸ் உத்தியோகம் பாக்கிறவங்க. நாளைக்கு நாம ஏதோ பண்ணிட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாதுல்ல."

சாவி சில்லென்று இருந்தது. வீரமலை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தான்.

மழை வலுத்தது. ஓட்டுச் சந்தில் இறங்கிய தண்ணீர் முற்றத்தில் கொட்ட, கொல்லையில் சாய்ந்த வாழைகளின் அழுகல் வாடையும் வெள்ளத்தின் சேற்று வாடையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது.

சுவர் தட்டப்பட்டது.

"அண்ணே."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, பாம்பு வந்திருக்கு. தண்ணியோட வந்திருக்கு. கதவு தொறங்க."

தெளிவான தமிழ். நிதானமான குரல். அந்த நிதானம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. பாம்பைப் பார்த்தவள் இப்படியா பேசுவாள்? கதறமாட்டாளா? கதவுக்குப் பின்னால் என்ன வைத்துக்கொண்டு நிற்கிறாளோ? பவுனம்மாளின் கழுத்துத் தடம் ஞாபகம் வந்தது.

அப்படியே உண்மையாக இருந்தாலும், மூடிய வீட்டில் ஒண்டியாக இருக்கும் பொம்பளையின் கதவை, மனைவியைப் பறிகொடுத்த ஒருவன் தனியாகப் போய்த் திறக்க முடியுமா? கூட ஒரு பெண் வேண்டும். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. குடையை விரித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான்.

காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"பாம்பா? பூட்டுற வரைக்கும் வராத பாம்பு, பூட்டினதும் வந்துருச்சாக்கும்."

"நீங்க கூட வந்தா ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"நான் வரலப்பா அந்த வீட்டுக்குள்ள. நீங்களும் போவாதீங்க, ஆமா. பொண்டாட்டி போயி வருசம் திரும்பல. மழையில பர்மாக்காரி வீட்டைத் தொறந்துகிட்டு உள்ள போனா நாளைக்கு நானே பேசுவேன்."

புகை கண்ணைக் கரித்தது. திரும்பி வந்தான்.

இப்போது அவள் கூப்பிடவில்லை. தட்டுவது மட்டும் கேட்டது. இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு. சுவரில், அவன் தலைமாட்டுக்கு நேராக. அவன் பாயை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டான். சத்தமும் கூடவே வந்ததுபோல் இருந்தது. காதைப் பொத்தினான். உள்ளங்கைக்குள் கேட்டது. சாவியை எடுத்துப் பார்த்தான். மறுபடி பையில் போட்டான்.

இரண்டு தட்டு.

மழை குறைந்தது. அது குறையவில்லை.

ஒரே வேகம். களைப்பில்லை. கை வலிக்காதா?

இரண்டு தட்டு.

*

விளக்கு வைக்கும் நேரத்தில் வெள்ளைச்சாமி அரிக்கேன் விளக்கோடு வந்தார். பின்னால் நாலைந்து பேர். அவர் முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு.

"ஆளு ஆப்டுட்டானாம் சார். பவுனம்மா தங்கச்சி மகன்தான். லால்குடியில தண்டட்டியை விக்கப் போயிருக்கான். கூடவே திரிஞ்ச பய, பாருங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் புள்ளையத் தொறந்து விட்டுருங்க. பிச்சமுத்து வந்தா நான் பேசிக்கிறேன்."

வீரமலை வெளியே வந்து தன் வீட்டைப் பூட்டினான். மயிலம்மாள் போனதிலிருந்து குழாயடிக்குப் போனாலும் பூட்டிவிட்டுப் போவதுதான் அவன் வழக்கம். பூட்டும்போதும் உள்ளேயிருந்து சுவர்ச் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தான். தட்டுகிறாள். இருக்கிறாள்.

மா டின் வீட்டுப் பூட்டு துரு பிடித்திருந்தது. காளியாயியும் வந்து சேர்ந்துகொண்டாள். கதவைத் தள்ளினான்.

அவள் போர்ஷன் தாழ்வு, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கவிழ்ந்த விளக்கின் மண்ணெண்ணெய் வாடை. ஓரத்தில் மிதந்த பாயின் மேலிருந்து நீளமாக ஒன்று நழுவி இறங்கிக் கொல்லைப்பக்கச் சாக்கடைத் துவாரம் வழியே போயிற்று. யாரோ பின்வாங்கினார்கள். வெள்ளைச்சாமி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் சுவரோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுவரில் பதிந்திருந்தது. மூடிய கை சுவரில் சாய்ந்திருந்தது. கன்னத்தில் இருந்த வெள்ளைப் பூச்சு ஈரத்தில் வழிந்து தாடையில் இறங்கியிருந்தது.

காளியாயிதான் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்கு." கால் பக்கம் குனிந்தாள். கணுக்கால் கருத்து வீங்கியிருந்தது. "கால் வெரல் மடங்க மாட்டேங்குது. இது இப்ப போன உசுரு இல்லீங்க. மத்தியானமே போயிருக்கு."

"இல்லை," என்றான் வீரமலை. "இப்ப வரைக்கும் தட்டிக்கிட்டிருந்தாங்க."

வெள்ளைச்சாமி விளக்கை அவள் முகத்துக்கு நேராக இறக்கினார்.

இரண்டு தட்டு.

விளக்கு ஆடியது. மா டின்னின் கை அசையவில்லை. அது சுவரின் மேல் அப்படியே இருந்தது. அதன் அடியில் செங்கல்லின் மறுபக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

இரண்டு தட்டு.

"அது உங்க வீட்டுலேருந்து வருது," என்றார் வெள்ளைச்சாமி மெதுவாக.

"என் வீட்ல யாருமில்ல."

"யாரு உள்ள?"

"யாருமில்லைங்க."

அவர்கள் அவனைப் பார்த்தார்கள். காளியாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். அவனைச் சுற்றித் தண்ணீர் மட்டும் இருந்தது.

"யாரை வச்சுப் பூட்டியிருக்கீங்க?" என்றார் ஒருவர், அவன் தினமும் வணக்கம் சொல்கிற ஒருவர்.

வீரமலை வெளியே வந்தான். அவர்கள் பின்னால் வந்தார்கள், நெருங்கவில்லை. தன் வாசலில் நின்று சாவியை நுழைத்தான். இரண்டு தரம் தவறிற்று. தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

பூட்டு திறந்தது.

தள்ளினான். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

இடுக்கில் காதை வைத்தான். மரத்துக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு நேராக, யாரோ காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு கேட்டது. அவன் மூச்சைப் பிடித்தான்.

அதுவும் பிடித்தது.