பகலில் சிவந்த கல்

கூலிக்காரி பஞ்சாலை, ரப்பர் தாள் உலர்த்தும் புகைவீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் ஆளனுப்பி வரச் சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் வந்தபின் மலாயாவின் லாபு தோட்டத்தில் ரப்பர் வேலை நின்றுபோய், அங்கே அடுப்பு மூட்டி இரண்டு வருடம். ஆனாலும் கதவைத் திறந்ததும் புதுப்புகை மணத்தது.

அந்த அடுப்பைக் காத்தவன் அவள் புருஷன் அர்ச்சுனன். கையில் எப்போதும் எண்ணெய் விளக்கோடு திரிவான். சயாம் ரயில் பாதைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினோரு மாதம்.

சன்னல் இல்லாத அறை. கிராணி விளக்கேற்றி வைத்திருந்தார்.

"அர்ச்சுனன் செத்துட்டான். சயாம்லேர்ந்து தகவல் வந்திருக்கு. இனி உனக்கு எதுக்கு மூக்குத்தி? கழட்டு. ஜப்பான் தொரை அந்தப் பச்சைக் கல்ல கேக்குறாரு."

"பொணத்தக் காட்டுங்க, கழட்டுறேன்."

கிராணி விளக்கை அவள் முகத்தருகே தூக்கினார்.

"இது செவப்பு! காலையில பேரு கூப்புடுற பிரட்டுல பச்சையா பாத்தேனே. எங்கடி மாத்துன?"

பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. "கல்லு அதேதான்யா. வெயில்ல பச்சை, வெளக்குல செவப்பு. முப்பது வருசத்துல இப்படி ரெண்டே கல்லுதான் பாத்தேன்னு கல்லு விக்கிற மீரா சாஹிப் சொன்னாரு."

"அதையும் பாப்போம். வெளிய வா."

விளக்கை ஊதி அணைத்துவிட்டு, அவளை வெயிலுக்கு இழுத்து வந்தார்.

கல் சிவப்பாகவே இருந்தது.

"வெளக்கு எங்கடி?" கிராணி அவளைச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்கதானே அணைச்சீங்க."

அவளது இடக் கன்னம் மட்டும் சுட்டது. கையகலச் சூடு. திரி கருகும் வாசம்.

கிராணி மூக்குத்தியைப் பிடுங்கக் கை நீட்டினார்.

புறங்கை ரோமம் சுருண்டு பொசுங்கியது.

அலறிக்கொண்டு அவர் ஓடியபின், பஞ்சாலை இடப்பக்கம் திரும்பினாள். கிராணி சொன்னது உண்மைதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"செத்துட்டீங்களா?"

கன்னத்துச் சூடு அசையவில்லை.

"பரவால்ல. கூட வாங்க. நான் கழட்ட மாட்டேன்."

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பஞ்சாலை பொட்டோடும் மூக்குத்தியோடும் ரப்பர் பால் வாளி தூக்கினாள். செம்மண் பாதையில் எப்போதும் வலது ஓரமாகவே நடந்தாள்.

"இவ்ளோ எடம் கெடக்கு, ஏன்லா ஓரமா போற?" என்று கூட வேலை செய்யும் செல்லம்மா ஒருநாள் அவளது இடப்பக்கம் புகுந்தாள்.

செல்லம்மா சட்டென்று கையை உதறினாள்.

"என்னடி இங்க... சுடுது?"