ஓபூராவின் பேட்டரி

இன்வெர்ட்டரின் முள் ஏறிக்கொண்டிருந்தது.

அபோந்தி முதலில் அதைக் கண்ணின் கோளாறு என்று நினைத்தாள். ஒரே ஒரு லாரி பேட்டரி. அதில் லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பல்பு. பாட்டு ஓட ஓட முள் இறங்க வேண்டும், அதுதான் முறை. சாவு வீடு சாவு வீடாகப் போய் பெங்கா என்கிற கிதார்ப் பாட்டுப் போட்டுப் பிழைக்கிறவளுக்கு, அந்த முள்ளைக் கவனிப்பது அடுப்பில் வைத்த பாலைக் கவனிப்பது போல. சாயங்காலம் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பொழுது இறங்கி, பந்தலுக்குக் கீழே ஆட்டம் சூடுபிடித்து, புழுதி பல்பைச் சுற்றி எழும்பிய பிறகு இப்போது முக்காலைத் தாண்டி நின்றது. கண்ணாடியை விரலால் தட்டினாள். முள் லேசாக நடுங்கி, இன்னும் ஒரு மயிரிழை மேலே போனது.

வாடையும் அடித்தது. அழுகிய முட்டை வாடை. குனிந்து காதைக் கொடுத்தாள். கிதார் சத்தத்துக்கும் கால்கள் மண்ணை மிதிக்கும் சத்தத்துக்கும் அடியில், பேட்டரிக்குள் ஏதோ சோற்றுப்பானை மாதிரி சன்னமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சார்ஜ் ஏறுகிற பேட்டரிதான் அப்படிக் கொதிக்கும். ஆனால் இதற்கு எங்கிருந்தும் கம்பி வரவில்லை. சோலார் தகடும் கிடையாது.

அது அவளுடைய பேட்டரி இல்லை. அவளுடையது வரும் வழியில் மோட்டார் பைக்கிலிருந்து விழுந்து உடைந்துபோனது. செத்துப்போன ஓபூரா இந்த ஊரில் போன்களுக்குச் சார்ஜ் போடும் கடை வைத்திருந்தவன். அவனுடைய தம்பி ஒவீட்டி கடைப் பூட்டை உடைத்து, அண்ணனின் பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தான். முன்னறையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதவை ரிஸ்பா அதற்காக மட்டும் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மண்ணு மூடுற வரைக்கும் அவரு சாமானத் தொடக்கூடாது. உனக்குத் தெரியாததா, ஒவீட்டி?"

"பாட்டு இல்லாம அண்ணன அனுப்புனா ஊரு காறித் துப்பும், அண்ணி. வேணாம்னா அவரே எந்திரிச்சு வந்து சொல்லட்டும். வெச்சிடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அபோந்தியும்தான்.

ஓபூராவை அவளுக்கும் தெரியும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அவனுக்கு வேதம். இறங்கிப்போய் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தால், கையில் உருட்டிய உகாலிக் களியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான்.

"கெம் ஊரு பொண்ணே, சத்தத்தக் கூட்டு. எங்கண்ணனுக்குக் காது மந்தம்," என்று ஒவீட்டி ஆடிக்கொண்டே கத்தினான்.

அவள் கூட்டவில்லை. முள் முழுசைத் தொட்டிருந்தது. அப்போதுதான் மகள் நினைவு வந்தது. ரெண்டு வயது அக்கேயோ. ஏரிக்காற்று குளிருகிறது, பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று, அவளேதான் போர்வை விரித்துப் பிள்ளையின் முதுகு பேட்டரியில் படும்படி படுக்க வைத்திருந்தாள்.

தொட்டாள். பிள்ளை கிணற்றடிக் கல்லாகச் சில்லிட்டிருந்தது. உலுக்கினாள். கண் திறக்கவில்லை. மூச்சு எங்கோ ஆழத்திலிருந்து, நினைத்து நினைத்து வந்தது.

கம்பியைப் பிடுங்கினாள். பாட்டு செத்தது. இருட்டில் சனங்கள் கூச்சல் போட்டார்கள். கொதிப்புச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். ரிஸ்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்கேயோவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பதறவில்லை.

"அதுகிட்டயா படுக்க வெச்ச? நான் கல்யாணம் ஆன நாளா அது பக்கத்துலதான் படுத்தேன். என் கையத் தொட்டுப் பாரு."

அந்தக் கையும் அதே சில்லிப்பு.

"மழை மாசத்துலயும் இவரு கடையில மட்டும் வெளக்கு எப்படி எரிஞ்சுதுன்னு நெனச்ச?"

"என் பிள்ளய எப்படித் திருப்பி வாங்கறது? அதச் சொல்லுங்கக்கா."

ரிஸ்பா பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காலி பண்ணிடு. சுத்தமா எறங்கிட்டா, எடுத்தது எடுத்த எடத்துக்கே வந்துரும். அவரு பயந்தது அது ஒண்ணுக்குத்தான். எனக்குத்தான் துணிச்சல் வரல."

அபோந்திக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கட்டையில் போகிறவனுக்கு என் பிள்ளையின் சூடு கேட்கிறதா? மகளை முதுகோடு சேர்த்துத் துணியால் இறுகக் கட்டினாள். வெளியே வந்து கம்பியைச் செருகினாள். ஓபூராவின் கடையிலிருந்து சார்ஜ் பலகை, பல்புச் சரம், மேசை விசிறி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து மாட்டினாள்.

"எல்லாரும் போனக் கொண்டாங்க. இன்னிக்கு ஓபூரா வீட்டுல சார்ஜ் ஓசி."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓபூராவின் வீட்டில் ஓசியா? முண்டியடித்துக்கொண்டு வந்து மாட்டினார்கள். அவள் சத்தத்தைத் தூக்கினாள். தகரக் கூரை அதிர்ந்தது.

முள் இறங்கியது.

முக்கால். முதுகில் ஒரு சின்ன விரல் அசைந்தது. பாதி. கழுத்தில் பட்ட மூச்சில் கொஞ்சம் சூடு. "இன்னும், இன்னும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதிக்குக் கீழே. சிவப்பு.

இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. கீ. கீ. கீ.

ஓபூராவை அறிந்த பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். முன்னறையில் மரம் மரத்தோடு உரசியது. ஏதோ கனமாகத் தரையில் இறங்கியது.

வெறுங்காலின் சத்தம்.

முதலில் ஓடியவன் ஒவீட்டி. பிறகு நாற்காலிகள் கவிழ்ந்தன. பந்தல் காலியானது. சார்ஜ் பலகையில் போன்கள் மட்டும் மினுக்கின.

அவள் நகரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"வா, ஓபூரா. வந்து பாத்துக்கோ."

வந்தான். பெட்டியில் வைக்கும்போது உடுத்திவிட்ட கோட்டு. மூக்கில் பஞ்சு. அவன் அவளைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தான். எப்போதும் போலக் குந்தி உட்கார்ந்தான். பேட்டரியில் காதை வைத்தான். இன்வெர்ட்டரை அணைக்கக் கையை நீட்டினான்.

அவள் பொத்தானின் மேல் தன் கையை வைத்து மூடினாள்.

அவன் கை அவள் கைமேல் படிந்தது. ஈர மண் வாடை. சில்லிப்பு மணிக்கட்டில் ஏறியது. முழங்கை. தோள். பேட்டரி மறுபடி கொதித்தது.

முள் ஒரு மயிரிழை ஏறியது.

முதுகில் அக்கேயோ வீறிட்டு அழுதாள். சூடான, உயிருள்ள அழுகை.

"இவளத் தரமாட்டேன்," என்றாள் அபோந்தி. மறுகையால் ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரை திருகினாள்.

முள் ஒரு மயிரிழை இறங்கியது.

பல்புகள் மங்கி மஞ்சளாயின. இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருந்தது. ஓபூரா மெல்லத் தலையைத் தூக்கி, முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இரண்டு கைகளுக்கு அடியில் பொத்தான் இருந்தது. முள் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

ஆளில்லாத பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.