இல்லாத வியாபாரியின் உப்பு

"ஐயோ... மேடம்! ஓடியாங்க!"

மெஷின் ரூமிலிருந்து அலறல்!

விக்டோரியா டீ டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். மெஷினுக்கான அட்டைக் கார்டுகளில் துளை போடும் கிரேசி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சி கெடக்காவ... ரத்தம்!"

பழைய மெஷினின் காலடியில், அதை ஓட்டும் அய்யாக்குட்டி. பின்மண்டை பிளந்திருந்தது.

மூச்சு... இருந்தது!

சுற்றிலும் அந்த மெஷினுக்கு வேலை சொல்லும் ப்ரோக்ராம் கார்டுகள், தரையெங்கும் சிதறி.

ஆம்புலன்ஸ் போனது. இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் வந்தார்.

1977. தூத்துக்குடியின் அந்த ஷிப்பிங் கம்பெனியில், எந்த மூட்டை எந்தக் கப்பலில் ஏறவேண்டும் என்று லிஸ்ட் போட்டுத் தருவது அந்தப் பழைய மெஷின்தான். இப்போது பக்கத்து அறையில் புதுக் கம்ப்யூட்டர். 'ஒருநாள்கூட வேலை நிற்கக் கூடாது. இரண்டையும் ஓட்டு, விடை ஒத்துப்போனால் பழசை நிறுத்து' என்பது முதலாளி உத்தரவு. செக்‌ஷனைக் கவனிக்கும் விக்டோரியாவுக்கு மூன்று மாதமாய் இரட்டை வேலை.

சரியாய்த் தூங்கியது எப்போது என்று அவளுக்கே மறந்துவிட்டது.

"புது மெஷின் வந்தா வேலை போயிரும்னு பயந்த எவனோதான்..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படின்னா புது மெஷினையில்லா உடைச்சிருப்பான், சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

போன் அலறியது. துறைமுகம்!

"லிஸ்ட் எங்கம்மா? கப்பல் நிக்கி... லாரி பூரா நிக்கி!"

"தாரேன்..." வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க மேடம்." மெட்ராஸிலிருந்து புதுக் கம்ப்யூட்டரோடு வந்த இன்ஜினீயர் சத்தியராஜ். "அந்தக் கார்டையெல்லாம் வரிசையா அடுக்கிப் பழைய மெஷினை ஓட்ட நாளைக்கு ஆயிடும். என் மெஷின் இருக்கே!"

கடகடவென்று அச்சாகி வந்தது லிஸ்ட்.

விக்டோரியாவின் விரல் வரிவரியாய் இறங்கியது.

நின்றது!

"சத்தியராஜ்... இந்த 'ஞானதீபம் சால்ட்' யாரு?"

"யாராவது உப்பு வியாபாரியா இருப்பாங்க..."

"அப்படி ஒருத்தர் கிடையாது. காலைல நான்தான் இட்டுக்கட்டி ஒரு கார்டு போட்டேன். பழைய மெஷின்ல மட்டும்!"

சத்தியராஜின் முகம் வெளுத்தது.

"மூணு மாசமா ஒரு வித்தியாசம்கூட இல்ல. பழைய மெஷின் பண்ணுன தப்புகூட உங்க பேப்பர்ல அப்படியே வந்துச்சு. அதான் சந்தேகம். உங்க மெஷின் கணக்கே போடல! பழைய மெஷின் துளை போட்டுத் தர்ற விடைக் கார்டை எடுத்து, இதுல அச்சடிச்சிருக்கீங்க. இன்னிக்கு எடுக்கையில அண்ணாச்சி பாத்துட்டாவ... அப்படித்தானே?"

அவன் நாற்காலியில் சரிந்தான்.

"என் ப்ரோக்ராம் ஓடவே இல்ல மேடம்... ஒரு தடவைகூட! நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னே... இன்னிக்கு என் கையைப் புடிச்சார். தள்ளினேன். மெஷின் மூலைல மண்டை..."

அழுதான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தக் கண்களும் தூங்காத கண்கள்தான்.

"என்கிட்ட சொல்லிருக்கலாமே..." என்றாள்.

போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிப்போனார்கள்.

விக்டோரியா ஒரே ஒரு வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தாள்.

"ஏளா கிரேசி, துறைமுகத்துக்கு அனுப்பு. மிச்சம் எல்லாம் பழைய மெஷின் போட்டதுதான். சரியா இருக்கும்."

லாரிகள் நகர்ந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து போன். அய்யாக்குட்டி கண் திறந்துவிட்டாராம். கண் திறந்ததும் காபி கேட்டாராம்!

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப இந்தப் புது மெஷின் ஒண்ணுக்கும் ஆவாதாம்மா?"

"ஏன் ஆவாது சார்? நாளைக்கு முதல்ல இருந்து ப்ரோக்ராம் எழுதணும். அதுவரைக்கும்... அந்த ரூம் ஏ.சி. மட்டும் ஜோரா ஓடுது. உள்ள வந்து உக்காருங்க, வேர்வை அடங்கட்டும்!"