கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

சுவரிடம் பேசினால்கூட எதிரொலியாவது திரும்பி வரும். எங்கள் அப்பாவிடம் பேசினால் "பாத்துக்கலாம் பாப்பா" மட்டும்தான் வரும். அந்தப் "பாத்துக்கலாம்" எங்கள் தெரு முழுவதும் பரவியிருக்கிறது. அதனால் போன வாரம் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா மைக் செட் கடை வைத்திருக்கிறார். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், மூன்று மைக், ஒரு மூட்டை வயர். இவ்வளவுதான் கடை. மீதி இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார்.

எங்கள் தெருச் சங்கம் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூட ஹாலில் விழா நடத்தும். தெருவுக்கு நல்லது செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பார்கள். எட்டு வருடமாக அந்த விழாவுக்கு அப்பாதான் காசு வாங்காமல் மைக் போடுகிறார். மேடைக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

விழா தொடங்கும் முன் என்னைக் கடைசி வரிசையில் நிற்க வைப்பார். "ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ. கடைசி வரிசைக்குக் கேக்குதா?" என்பார். நான் கையைத் தூக்குவேன். "அப்போ சரி" என்று மைக்கை வைத்துவிடுவார். இதைத் தவிர அவர் மைக்கில் வேறு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இந்த வருடம் விருதுப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருந்தது.

காரணம், போன மழைக்காலத்து வெள்ளம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா ஒலிபெருக்கியைத் தள்ளுவண்டியில் கட்டி, இரண்டு நாள் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார். வண்டி மேல் உட்கார்ந்து எங்கள் டீச்சர் மைக்கில் பேசினார். யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும், சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் சொன்னார். பேசிய டீச்சரை எல்லோரும் பாராட்டினார்கள். வண்டியைத் தள்ளியது யார் என்று சங்கத்துக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே லீவு கேட்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. அப்படியும் கேட்டு அரைநாள் வாங்கிவிட்டார். "உங்கப்பா மேடை ஏறி நான் பாத்ததே இல்ல. இந்தத் தடவை போட்டோ எடுத்தே ஆகணும்" என்றார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸை நான் படிக்கும்வரை.

இடது பக்கம் 'விருது பெறுவோர்'. மூன்று பெயர்கள். வெள்ளத்தின்போது கடையைத் திறந்து வைத்து எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்த டீக்கடை அத்தை. தினமும் காலையிலும் மாலையிலும் எங்களைச் சாலை கடக்க வைக்கும் விசில் மாமா. அப்புறம் எங்கள் அப்பா.

வலது பக்கம் 'விழா வேலைகள்'. டீ போடுவது, டீக்கடை அத்தை. வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பது, விசில் மாமா. மைக், எங்கள் அப்பா.

இரண்டு முறை படித்தேன். நேராகச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் எதிர் வீட்டு மாமாதான்.

"மாமா, நோட்டீஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே ஆளுங்க இருக்காங்க."

"ஆமா. அதுக்கென்ன? வேலைன்னு சொன்னா முகம் சுளிக்காம வர்றவங்க இவங்கதான். அதனால வேலை குடுத்தோம்."

"அப்ப விருது?"

"அதுவும் அதனாலதான்."

"பேரைக் கூப்பிடும்போது எப்படி மாமா மேடைக்கு வருவாங்க?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஓடி வந்து வாங்கிட்டு ஓடிட வேண்டியதுதான்."

"ரெண்டு நிமிஷத்துல பால் பொங்கிடும் மாமா."

"பாத்துக்கலாம்மா" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன்.

"நான் எழுந்து போயிட்டா மைக்கை யார் பாக்கறது? அரை நிமிஷத்துல கூவ ஆரம்பிச்சிடும்" என்றார்.

"நான் பாத்துக்கறேன்."

"இது பழைய மெஷின் பாப்பா. என் கைக்கு மட்டும்தான் அடங்கும்."

"அம்மா லீவு போட்டுட்டு வர்றாங்க. திரையைப் பாத்துட்டுப் போறதுக்கா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாத்துக்கலாம்" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் பக்கத்துத் தெருப் பல் டாக்டர். அவர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் பேசித் தீர்க்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

நான் அப்பா பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் முன்னால் இருந்தேன். திரை ஓரமாகப் பார்த்தால் மேடையும் தெரியும், ஹாலும் தெரியும். அம்மா வேலையிலிருந்து வந்து சேரத் தாமதமாகிவிட்டது. கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

செயலாளர் மாமா முதலில் டீக்கடை அத்தையின் பெயரைக் கூப்பிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் வரவில்லை. ஹாலுக்குப் பின்னாலிருந்து, "பால் அடுப்புல இருக்கு" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"அவர் சார்பாக நமது பொருளாளர் கேடயத்தைப் பெற்றுக்கொள்வார்" என்றார் செயலாளர் மாமா.

பொருளாளர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடை ஏறி, போட்டோவுக்குச் சிரித்து, கேடயத்தோடு இறங்கினார்.

அடுத்தது விசில் மாமா. பெயரைச் சொன்னதும் வாசலிலிருந்து விசில் சத்தம் கேட்டது. அவர் ஏதோ ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவர் சார்பாகவும் நமது பொருளாளர்" என்றார் செயலாளர் மாமா. பொருளாளர் இந்த முறை தலையைச் சீவிக்கொண்டு ஏறினார். கேடயத்தை வாங்கி வந்து முதல் கேடயத்தோடு சேர்த்துத் தன் பைக்குள் வைத்து, பையின் வாயையும் கட்டிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா, அடுத்தது நீங்க. எழுந்திரிங்க."

"விடு பாப்பா. பொருளாளர் வாங்கிட்டா என்ன? எப்படியும் வீட்டுக்கு வந்துடும்."

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அம்மா இரண்டு கைகளாலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பொருளாளரைப் போட்டோ எடுக்கவா அம்மா அந்தக் கடைக்காரரிடம் கெஞ்சி லீவு வாங்கினார்?

மேடையில் செயலாளர் மாமா, "அடுத்ததாக" என்று தொடங்கினார். பொருளாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நான் கையை நீட்டி ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

செயலாளர் மாமாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார். எங்கள் பக்கம் பார்த்தார்.

"என்ன பண்ற?" அப்பா பதறிப் போய்க் குமிழைப் பிடிக்க வந்தார். நான் அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"உங்க கைக்கு மட்டும்தான் அடங்கும்னு சொன்னீங்க. பாருங்க, கூவாம சும்மாதான் இருக்கு. அஞ்சு நிமிஷம் இதைத் தொடாதீங்கப்பா, ப்ளீஸ்."

நான் மேடை ஏறினேன். பல் டாக்டர் அருகில் போய் நின்றேன்.

"டாக்டர், விருது வாங்க வேண்டியவங்க மூணு பேரும் இங்கயேதான் இருக்காங்க. விழா வேலையை அவங்க தலையிலேயே கட்டிட்டாங்க. அதான் வர முடியல. அஞ்சு நிமிஷம் குடுத்தீங்கன்னா கூட்டிட்டு வந்துடுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். கீழே பொருளாளர் வாய் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தார். "ஒரே ஆளுக்கே எத்தனை தடவைதான் குடுக்கறதுன்னு நானும் யோசிச்சிட்டு இருந்தேன். போய்க் கூட்டிட்டு வா."

"பாத்துக்..." என்று தொடங்கினார் செயலாளர் மாமா. டாக்டர் அவர் பக்கம் திரும்பியதும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என் வகுப்பில் 'கண்ணாடி' என்று நாங்கள் கூப்பிடும் தோழியையும், 'நெட்டையன்' என்று கூப்பிடும் பையனையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடியைச் சமையலறையில் விட்டேன்.

"பால் பொங்கினா?" என்றார் டீக்கடை அத்தை.

"அடுப்பை அணைச்சிடுவேன் அத்தை."

"கரண்டியை உள்ளயே போட்டு வைக்காத."

"சரி அத்தை."

"ஒரு தடவை கிளறிட்டு..."

"அத்தை, நீங்க போங்க" என்றாள் கண்ணாடி. ஆவியில் அவள் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பால் அவளுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

விசில் மாமா முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். விசிலை யாரிடமும் கொடுக்க மாட்டார். நெட்டையனை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு தடவை ஊதினா நிறுத்து, ரெண்டு தடவைன்னா போலாம். மாத்தி ஊதிடாத" என்று சொல்லி, விசிலைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

பொருளாளர் பையின் முடிச்சை அவிழ்க்கச் சிரமப்பட்டார். டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

நான் திரைக்குப் பின்னால் திரும்பி வந்து, அப்பாவைப் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்திவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழெட்டு விழாக்களாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். குமிழை மெல்லத் திருப்பி, அப்பா ஒட்டியிருந்த மஞ்சள் டேப் வரை கொண்டுபோனேன். செயலாளர் மாமாவின் குரல் திரும்பி வந்தது.

டீக்கடை அத்தை மேடை ஏறினார். கேடயம் கைக்கு வந்ததும் மைக்கை ஒட்டி நின்று, "ரொம்ப நன்றிங்க" என்று கத்திவிட்டார். மைக் கூவியது. ஹாலில் பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள். அப்பாவின் கை தானாக நீண்டது. அதற்குள் நான் குறைத்துவிட்டேன்.

அப்பா கையை மடக்கிக்கொண்டார். "கிட்ட வந்து பேசினா..." என்றார்.

"குறைக்கணும். இப்பதான் குறைச்சேன்பா."

"மஞ்சள் டேப்பை..."

"தாண்டக் கூடாது. தெரியும்பா."

விசில் மாமாவும் கேடயம் வாங்கிக்கொண்டு இறங்கினார். அத்தையும் அவரும் வேலைக்குத் திரும்பி ஓடப் பார்த்தார்கள். டாக்டர் மேடையிலிருந்தே, "உக்காருங்க" என்றார். பல் டாக்டர் உட்காரச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இருவரும் கடைசி வரிசையில் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்பா எழுந்தார். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கூவிடப் போகுது" என்றார்.

"கூவினா கூவட்டும். அம்மா எவ்வளவு நேரமா போனைத் தூக்கிப் பிடிச்சிட்டே இருக்காங்க, பாருங்க."

அப்பா திரையை விலக்கிப் பார்த்தார். பிறகு படி ஏறினார். கடைசி வரிசையிலிருந்து போனின் வெளிச்சம் மூன்று முறை மின்னியது. எட்டு வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று டாக்டர் மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

அப்பா மைக்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

ஹால் முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் தூரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசி வரிசைக்குக் கேக்குதா?"

அம்மா கையைத் தூக்கினார். டீக்கடை அத்தை தூக்கினார். விசில் மாமா வண்டியை நிறுத்துவதுபோல் நிமிர்ந்து தூக்கினார். பிறகு கடைசி வரிசை மொத்தமும் தூக்கியது.

"அப்போ சரி" என்று அப்பா மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தார். அன்றைக்கு அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கை தட்டினார்கள்.

டீயில் கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை வந்தது. வாசலில் இரண்டு கார்கள் முகத்தோடு முகம் நின்றன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே போகும்போது செயலாளர் மாமா என் பக்கத்தில் நின்று, "அடுத்த வருஷம் நோட்டீஸ் போடறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு தடவை காட்டிடறேன்" என்றார்.

ஹால் காலியானது. அம்மா, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, வயரைச் சுற்ற உட்கார்ந்துவிட்டார்.

நான் வயரைப் பிடுங்கிக்கொண்டு கேடயத்தை அவர் கையில் கொடுத்தேன். "இன்னிக்கு நான் சுத்தறேன். நீங்க இதைப் பிடிச்சுட்டு சும்மா நில்லுங்க."

அப்பா சும்மா நின்றார். நான் வயரைத் தப்பாகச் சுற்றுகிறேன் என்று சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் கேடயத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.