மேற்படி கொலை மிரட்டல் தொடர்பாக...!

“ஐயோ... மடம்!”

காலை எட்டு இருபது. தீவகத்தில் ஒரு பிரதேச செயலகம். எந்தத் தீவு என்று கேட்காதீர்கள். சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும்!

கத்தியவள் அலுவலக உதவியாளர் ஞானசவுந்தரி. பிரதேச செயலாளரின் அறைக்குள் தண்ணீர்ப் போத்தல் வைக்கப் போனவள், போத்தலைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“கதிரையிலை... மடத்தின்ரை கதிரையிலை...”

“ஆர் இருக்கினம்?” கேட்டபடி படியேறி வந்தாள் பிரதேச செயலாளர் மீனலோசனி.

“ஆளில்லை மடம்... மீன்!”

வெள்ளைத் துவாய் விரித்த கதிரை. அதன் நடுவே கை நீளத்துக்கு ஒரு பாரை. திறந்த வாய்க்குள் பொலித்தீனில் சுற்றிய கடிதம்!

மீனலோசனி கடிதத்தை உருவினாள். வாசித்தாள்.

‘அந்தோனியார் பாடு அரச காணி தொடர்பானது. மேற்படி காணியை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு வழங்கத் தாங்கள் சிபார்சு செய்யும் பட்சத்தில், பதினான்கு நாட்களுக்குள் தங்களது உயிர் பறிக்கப்படும் என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன்.’

கையெழுத்து இல்லை.

மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். முகத்தில் பயம் இல்லை... யோசனை இருந்தது.

அவளுடைய முப்பத்தொரு வருடச் சேவை நெடுந்தீவில் லிகிதராகத் தொடங்கியது. படகில் வாந்தி எடுத்தபடியே படித்து, நிர்வாக சேவைப் பரீட்சையில் தேறினாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு இடமாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம், அவள் போட மறுத்த ஏதோவொரு கையெழுத்து!

இப்போது மேலதிக அரசாங்க அதிபர் பதவி. கொழும்பில் நியமனக் கடிதம் தயார். அதற்கு முன் அந்தோனியார் பாடு என்ற கடற்கரையில் ஹோட்டல் கட்டச் சிபார்சு செய்துவிட வேண்டும்... அவ்வளவுதான்!

பத்து மணிக்குப் பொலிஸ் வந்தது. கடிதத்தை வாங்கிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை.

“மீன் எண்டால் மீன்காரன்தானே மடம்!”

பதினொரு மணிக்குக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அன்ரனிதாஸ் கைது. அந்தக் கடற்கரையில்தான் அவருடைய ஆட்களின் வள்ளங்களும் வலைகளும் கிடந்தன.

செய்தி கேட்டு உதவிப் பிரதேச செயலாளர் வசீகரன் ஓடி வந்தான். முப்பது வயது. எப்போதும் இஸ்திரி போட்ட சேர்ட்.

“மடம், நீங்கள் ரெண்டு கிழமை லீவிலை போங்கோ. பதில் கடமையை நான் பாக்கிறன்.”

“அந்தக் காணிக் கோவையையும் நீரே பாப்பீரோ?”

“அது... கடமைதானே மடம்!”

அவன் கண்கள் அவளுடைய கதிரையைத் தடவின. மீன் போன பிறகும் அதில் நாற்றம் இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை போலும்!

அடுத்து வந்தார், எல்லோரும் ‘ஏ.ஓ.’ என்று அழைக்கும் நிர்வாக உத்தியோகத்தர் ஆழ்வாப்பிள்ளை. அலுவலகத்தில் எந்தக் கடிதம் போனாலும் அவருடைய சிவப்புப் பேனைக்குத் தப்பாது.

“கடல் சனத்தை நம்ப ஏலாது மடம். நான் எத்தினை தரம் சொன்னனான்?”

“ஓம் ஏ.ஓ., சொன்னனீங்கள்.”

மத்தியானம் அவள் பொலிஸுக்குப் போனாள். கம்பிக்குப் பின்னால் சாரத்தோடு நின்றார் அன்ரனிதாஸ். மேசையில் தட்டொன்றில் பாரை.

“அன்ரனிதாஸ் அண்ணை, நீங்களோ செய்தனீங்கள்?”

“மடம், எங்களுக்குக் கோவம் வந்தால் உங்கட கந்தோர் வாசல்லை வந்து கத்துவம். போன மாசமும் கத்தினனாங்கள்தானே! கடிதம் எழுத எங்களுக்கு எங்கை நேரம்?”

“மீன்?”

அவர் தட்டை எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

“குடல் எடுத்து, வடிவாக் கழுவியெல்லோ கிடக்கு! இது சந்தையிலை காசு குடுத்து, வெட்டித் தரச் சொல்லி வாங்கினது. நாங்கள் மிரட்டுறதுக்கு மீனைக் கழுவிக் குடுப்பமோ மடம்?”

வாகனத்தில் திரும்பும்போது கடிதத்தின் வரிகள் மனதுக்குள் ஓடின. மேற்படி... பட்சத்தில்... தயவுடன்...

“இது கடல்லை வளர்ந்த தமிழ் இல்லை... கந்தோரிலை வளர்ந்தது!” என்று வாய்விட்டே சொன்னாள்.

இரண்டு மணி. கதவைச் சாத்திவிட்டுத் தானே கணினியில் அந்த மிரட்டலைத் தட்டினாள். ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். பதினான்கு... பத்து ஆகியது! இரண்டு பிரதிகள். மேலே எழுதினாள்: ‘தங்கள் அவதானிப்புக்கு.’ ஒன்று வசீகரனுக்கு. ஒன்று ஆழ்வாப்பிள்ளைக்கு.

மூன்று மணிக்கு இரண்டும் திரும்பி வந்தன.

வசீகரன் எழுதியிருந்தான்: ‘பார்த்தேன். மிகவும் கவலை. லீவு விண்ணப்பப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

மற்றதைப் பார்த்தாள்.

‘பத்து’ வெட்டப்பட்டிருந்தது! மேலே சிவப்பு மையில்... ‘பதினான்கு’!

“ஏ.ஓ., ஒருக்கா வாங்கோ.”

வந்தார்.

“இதை ஏன் திருத்தினீங்கள்?”

“பிழை மடம். பதினாலு நாள் அவகாசம் குடுக்க வேணும். சுற்றறிக்கை அப்பிடித்தான்.”

“கொலை மிரட்டலுக்கும் சுற்றறிக்கை இருக்கோ?”

ஆழ்வாப்பிள்ளையின் வாய், பாரையின் வாயைப்போலத் திறந்தது!

“உண்மையான கடிதத்திலை பதினாலு எண்டுதான் இருந்தது. அதைப் பாத்தது நானும் பொலிஸும். மூண்டாவதாத் தெரிஞ்ச ஆள்... எழுதின ஆள்!”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

“கொல்லுற எண்ணம் இல்லை மடம்... சத்தியமா! அன்ரனிதாஸை உள்ளை போட்டால் எதிர்க்க ஆளில்லை. நீங்களும் பயந்து லீவிலை போனால் வசீகரன் கையெழுத்துப் போடுவான். ஹோட்டல் வந்தால் என்ரை மகள் கம்சிகாவுக்கு மனேஜர் வேலை எண்டு முதலாளி பிரதாபன் சொன்னவர். மீன் யோசனை என்ரைதான்.”

“பாவம் அந்தச் சனம்! வள்ளத்தை எங்கை ஏத்திறது எண்டு ஒருக்காலாவது யோசிச்சனீங்களோ?”



அன்ரனிதாஸ் மாலையே வெளியே வந்தார். ஆழ்வாப்பிள்ளை பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தார். அதிலிருந்த மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிறகே கையெழுத்திட்டார்!

ஆனால் ஹோட்டல் காணிக் கோவை, முடிவு எழுதப்படாமல் இன்னும் மேசையில் கிடந்தது.

மறுநாள் காலை கொழும்பிலிருந்து போன். அரசியல் பெரியவர் ஒருவரின் செயலாளர்.

“மீனலோசனி மடம், உங்கட நியமனக் கடிதம் எனக்கு முன்னாலைதான் கிடக்கு. அந்தச் சிபார்சு வந்தால் இதை இண்டைக்கே அனுப்பலாம்.”

போனை வைத்தாள். காணிக் கோவையை இழுத்து முன்னால் வைத்தாள். மிரட்டல் அசைக்காதவளை இந்தப் போன் அசைத்தது!

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். முப்பத்தொரு வருட ஆசை. தன் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பதவியை எத்தனையோ தரம் மனதுக்குள் எழுதிப் பார்த்தவள் அவள். பேனையைத் திறந்தாள். யன்னலுக்கு வெளியே, விடுதலையான அன்ரனிதாஸைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த கடற்கரைப் பெண்கள் முற்றத்தில் நின்று ஞானசவுந்தரியோடு சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதினாள்: ‘சிபார்சு செய்யப்படவில்லை.’

கையெழுத்திட்டாள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. நியமனம் அல்ல... இடமாற்றம்! கொழும்பில் யாருக்கும் தெரியாத ஒரு மூலைப் பிரிவு. உடனடியாக!

கோபத்தில் அனுப்பியவர்கள் அது என்ன பிரிவு என்று பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மூலையில் போன் அடித்தது.

“வணக்கம். நான் பிரதாபன். ரொறன்ரோவிலையிருந்து வந்து தீவிலை ஹோட்டல் கட்டப் போறன். அங்கை ஒரு விசர் மனுசி என்ரை காணி விண்ணப்பத்தை நிராகரிச்சுப்போட்டுது. மேன்முறையீடு உங்கட பிரிவுக்குத்தான் வருமாம்.”

“ஓம், வந்திட்டுது. மேசையிலை கிடக்கு.”

“அந்த மனுசியைத் தூக்கி எறிவிச்சுப்போட்டன்!”

“எங்கை எறிஞ்சவை எண்டு விசாரிச்சனீரோ?”

“கொழும்பிலை ஏதோ மூலையாம்... எங்களுக்கென்ன! நீங்கள் ஆர் கதைக்கிறது?”

“மீனலோசனி.”

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு மெல்ல...

“ம... மடம்... முடிவு வர எவ்வளவு காலம் எடுக்கும்?”

“அவசரப்படாதையும் தம்பி. எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு!”